ஆட்டத்துக்குப் பிறகு ஒரு கிளாஸ்

எங்கள் ஊரில் கர்லிங், அதாவது கனமான கல்லைப் பனியில் சறுக்கவிட்டு வட்டத்துக்குள் நிறுத்துகிற ஆட்டம், பனித்தளத்தில் முடிவதில்லை. கடைசிக் கல் நின்றதும் இரண்டு பக்கத்து எட்டுப் பேரும் கைகொடுத்துக்கொள்வோம், கல்லுக்கு முன்னால் பனியைப் பெருக்குகிற துடைப்பங்களைச் சுவரில் சாய்ப்போம், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற சூடான கூடத்துக்கு வந்து ஒரே வட்ட மேசையில் உட்காருவோம். ஜெயித்த நால்வர் தோற்ற நால்வருக்கு முதல் கிளாஸ் வாங்கித் தர வேண்டும். அதன்பிறகு தோற்றவர்கள் திருப்பி வாங்கித் தரலாம், தராமலும் போகலாம். ஆனால் அந்த முதல் கிளாஸ் கட்டாயம். எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம் அது. கனடாவில் எங்கள் மானிட்டோபா மாகாணத்தில் கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். தனக்கென்று வாங்கி வைத்த கிளாஸைத் தொடாமல் போனவனை மன்னிக்க மாட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் குழுவில் சேர்ந்த தோரா மூன்றாவது முறையாக அப்படிப் போனது ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்றைக்கு நாங்கள் தோற்றிருந்தோம். நாற்பது மைல் தள்ளி இருக்கிற ஊரிலிருந்து ஜில்பேர் லாவலே தன் ஆட்களோடு வந்திருந்தார். பெரிய தொப்பை, பெரிய குரல், பால் பண்ணைக்காரர். நாலு பியர் வாங்கி எங்கள் பக்கத்தில் வரிசையாக வைத்தார். எங்கள் குழுவில் மெர்ல் ஒன்றை எடுத்துக்கொண்டான், வெர்னா ஒன்று, நான் ஒன்று. நாலாவது அப்படியே நின்றது. நுரை அடங்கிப்போனது. ஜில்பேர் அதை இரண்டு தடவை பார்த்தார், மூன்றாவது தடவை கேட்டேவிட்டார்.

"இது யாருக்குய்யா? உங்க ஊர்ல பேய்க்கும் ஊத்தி வைக்கணுமா?"

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். மெர்ல் சிரிக்கவில்லை. மெர்ல் பென்னர்தான் எங்கள் குழுவுக்குத் தலைவன். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவன், வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பேசியே பிழைப்பவன். மேசையில் ஒருவர் குறைந்தால் தன் வீட்டு விருந்தில் யாரோ எச்சில் துப்பிவிட்டுப் போனதுபோல அவனுக்கு முகம் கறுத்துவிடும்.

ஜில்பேர் ஆட்கள் போனதும் அவன் என்னிடம் சொன்னான்.

"ஓரெஸ்ட், அவ கல்லு போடுற மாதிரி இந்த ஜில்லாவுல யாரும் போடுறதில்ல. ஒத்துக்கிறேன். ஆனா நாலு பேர் டீம்ல மூணு பேர் உக்காந்து குடிக்கிறது எனக்குக் கேவலமா இருக்கு. மாவட்டப் போட்டிக்கு மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள அவ மேசைக்கு வரணும். இல்லேன்னா நான் டார்லாவைச் சேத்துக்கிறேன்."

டார்லா போடுகிற கல் பாதி தூரத்தில் தூங்கிவிடும். அது அவனுக்கும் தெரியும். மெர்லுக்குத் தோள்பட்டை போனபிறகு கடைசிக் கல்லைத் தோராதான் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இல்லாமல் மாவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்தையே தாண்ட முடியாது. இருந்தும் சொன்னான். மெர்ல் ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவான்.

இதை அவளிடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தது. வெர்னா தனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்தாள். மிச்சம் இருந்தது நான்.

தோராவுக்கு அப்போது ஐம்பது வயது, எனக்கு ஐம்பத்து மூன்று. தானியக் கூட்டுறவின் விதைச் சோதனைக் கூடத்துக்கு மாற்றலாகி இரண்டு வருடம் முன்பு வந்தவள். நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து, தட்டில் முளைத்த விதை எத்தனை, முளைக்காதது எத்தனை என்று பார்க்கிற வேலை. ஊரில் அவளை யாருக்கும் பிடிக்காமல் இல்லை. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். கடையில் பார்த்தால் தலையை ஆட்டுவாள். அதற்குமேல் நின்று பேசினால், பார்வை வாசல் கதவைத் தேடும். திமிர் பிடித்தவள் என்று பாதி ஊர் முடிவு கட்டியிருந்தது.

அவள் வீடு வரைக்கும் போக வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். வண்டி நிறுத்துகிற இடத்திலேயே இருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். ஆட்டம் முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். திடுக்கிட்டு இறக்கினாள். வீட்டுக்கும் போகாமல் உள்ளேயும் வராமல் என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அந்த நிலை எனக்குத் தெரியும். நாற்பத்து நாலு வயது வரைக்கும் எனக்கு எழுத்துத் தெரியாது. ஓட்டலில் பட்டியலை நீட்டினால் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். வேலையிடத்தில் யாருக்காவது பிறந்தநாள் அட்டை சுற்றுக்கு வந்தால் கக்கூஸுக்குப் போய்விடுவேன். ஓடி ஒளிகிறவனுக்கு ஓடி ஒளிகிறவளைப் பார்த்தால் புரியாதா?

குளிரில் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கிளாஸ் விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

"எனக்குன்னு வாங்கி வெச்சிருந்தாங்களா? பேர் சொல்லியா?"

"பேர் சொல்லாம என்ன. நாலு பேருக்கு நாலு கிளாஸு."

இங்கே மாற்றலாகி வருமுன் வின்னிபெக் நகரத்தில் பெரிய கிளப்பில் அவள் ஆடியிருக்கிறாள். அங்கே ஆள் வராத நாளில் மாற்று ஆளாகத்தான் கூப்பிடுவார்கள். முப்பது மேசை, இருநூறு பேர். ஒருத்தி நழுவினால் யாருக்கும் தெரியாது. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கு வாங்குவார்கள், வராதவளுக்கு யார் வாங்கப் போகிறார்கள் என்று.

மூன்று வாரக் கெடுவையும் சொன்னேன். அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, வாரம் ஏழு நாளில் தான் யாரோடாவது சேர்ந்து செய்கிற காரியம் இந்த ஆட்டம் ஒன்றுதான், இதுவும் போனால் தனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாள். அழவில்லை. முளைக்காத விதைக் கணக்கைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"புதன்கிழமை வரேன்" என்றாள். "உக்காருறேன்."

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று கிளம்பினேன்.

புதன்கிழமை ஆட்டத்துக்கு முன்னாலேயே வெர்னாவிடமும் மெர்லிடமும் சொன்னேன். எதிர்க்குழு நால்வரிடமும் சொன்னேன். பானம் ஊற்றுகிற பேர்லிடம்கூடச் சொன்னேன். தோராவுக்குக் கூட்டம் என்றால் கூச்சம், பாவம், இன்றைக்கு உட்காரப் போகிறாள், யாரும் அவளைத் தொந்தரவு பண்ணாதீர்கள் என்று. எல்லாரும் மண்டையை ஆட்டினார்கள். எனக்கும் பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி.

அன்று ஜெயித்தோம். தோரா வந்தாள், உட்கார்ந்தாள். அவ்வளவுதான், ஏழு பேரும் ஒரே நேரத்தில் அன்பாகிவிட்டார்கள். வெர்னா நாற்காலியை இழுத்துப்போட்டு, காய்ச்சலில் எழுந்தவளிடம் பேசுவதுபோல மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, உனக்கு இந்த இடம் வசதியா என்று கேட்டாள். எதிர்க்குழுக்காரன் ஒருவன் குரலைத் தணித்துக்கொண்டான். மெர்லுக்குக் குரலைத் தணிக்கத் தெரியாது, அதனால் வாயையே மூடிக்கொண்டான். மெர்ல் வாயை மூடியதை அந்தக் கூடத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருடைய கண்ணும் தோரா மேல். அவள் தன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் எதிர்க்குழுக்காரன் தாங்க முடியாமல், "பயப்படாதம்மா, நாங்கல்லாம் கடிக்க மாட்டோம்" என்றான்.

தோரா எழுந்தாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்றாள். போனவள் வரவில்லை. கோட்டு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி.

கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டிக்குள் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தாள். கோட்டை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

"நீ என்ன சொன்னே அவங்ககிட்ட?"

சொன்னேன்.

"போன வாரம் வரைக்கும் நான் திமிர் பிடிச்சவ. இப்ப நோயாளி. திமிரே பரவாயில்ல, ஓரெஸ்ட். திமிர் பிடிச்சவளை யாரும் மெதுவாப் பேசிக் கொல்ல மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பல வருடம் முன்பு எங்கள் ரயில் பாதைக் கூலிக் குழுவில், சாப்பாட்டு நேரத்தில், பாதுகாப்பு விதி நோட்டீஸ் ஒன்று வந்தது. எனக்கு நல்லது நினைத்து ஒருவன் எழுந்து நின்று, ஓரெஸ்டுக்குப் படிக்கத் தெரியாது, யாராவது அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று இருபது பேர் முன்னால் சொன்னான். அன்றைக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. அதே வேலையை நான் ஏழு பேரிடம் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிச் செய்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்துப் பின்னால் போட்டாள். நான் ஏறி உட்கார்ந்தேன்.

என்னதான் கஷ்டம், சொல் என்றேன். இந்தத் தடவை உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டேன். அவளும் யோசித்துச் சொன்னாள். இரண்டு பேரும் முன் கண்ணாடி வழியாகக் கிளப்பின் தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினோம்.

"எனக்கு ஆளுங்களைப் பிடிக்காதுன்னு இல்ல. பனியில நிக்கும்போது யார் முறைன்னு தெரியும். எட்டுச் சுத்துல முடிஞ்சிரும்னு தெரியும். மேசையில யார் முறைன்னு தெரியல. எப்ப முடியும்னும் தெரியல. சுத்தி ஏழு மூஞ்சி. எதைப் பாக்கிறது?"

இப்படி ஒருத்தர் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மறுநாள் வேலையில் சரளைக் கல் வாரிப் போடும்போது அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டி வலித்தது, முதுகு வலித்தது, ஆனால் புத்தி ஓடியது. என்னோடு பத்தொன்பது வருடமாக மண் வாரிப் போடுகிற ஹென்ரிக், நேருக்கு நேர் உட்கார வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு நாலு வார்த்தை பேசுவான். பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது பெண்டாட்டி சண்டையிலிருந்து பல்வலி வரைக்கும் எல்லாம் வரும். எங்கள் இருவர் கண்ணும் தண்டவாளத்தின் மேல் இருக்கும், வாய் தன் பாட்டுக்குப் பேசும். தோராவும் நேற்று வண்டியில் என்னோடு அப்படித்தானே பேசினாள்? இருபது நிமிடம், மூச்சு விடாமல்.

அன்று வேலை முடிந்து விதைக் கூடத்துக்குப் போய் அவளிடம் சொன்னேன். கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்தால் பார்ப்பதற்கு மூஞ்சிக்குப் பதில் பனித்தளம் இருக்கும். சட்டப்படி ஒரு கிளாஸ்தான் கட்டாயம். அது காலியானால் ஆட்டம் முடிந்தது, எழுந்து போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். ஜெயித்தால் பானம் வாங்கிவருகிற வேலையைத் தான் செய்வதாக. சும்மா வந்து உட்காருவதுதான் கஷ்டம், கையில் தட்டோடு வந்தால் ஏன் வந்தோம் என்று தனக்கே ஒரு காரணம் இருக்கும் என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை. நல்ல யோசனை.

"இந்தத் தடவை யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். "மெர்ல்கிட்டகூட."

சொல்லவில்லை. ஞாயிறு ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் போய் வட்ட மேசையைத் தரதரவென்று இழுத்துக் கண்ணாடியோரம் போட்டேன். தரை கீறுகிறது என்று பேர்ல் கத்தினாள். முட்டி வலி, கண்ணாடிக்குக் கீழே ஓடுகிற சூட்டுக் குழாய் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றேன். முட்டி வலி உண்மைதான், அதனால் பொய் சொன்ன கணக்கில் வராது.

அன்று ஜெயித்தோம். தோரா கோட்டைக் கழற்றிய கையோடு தட்டை எடுத்தாள். நாலு எதிராளிகளிடமும் போய் என்ன வேண்டும் என்று கேட்டாள். பியரா, எந்த பியர், உனக்கு ரை விஸ்கியா, ஐஸ் போட்டா போடாமலா. அவர்கள் சொல்ல, அவள் கேட்க, நாலு பேரோடு நாலு பேச்சு முடிந்துவிட்டது. அவர்களுக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தனக்கு இஞ்சி சோடா எடுத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெளியே அடுத்த ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எதிர்க்குழுவில் ஸ்டான்லி என்கிற கிழவர், அவர் மாப்பிள்ளை அந்த ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தான். அவன் ஒரு கல்லைத் தள்ளிவிட்டான். ஸ்டான்லி நல்ல கல் என்றார்.

"நிக்காது" என்றாள் தோரா.

சத்தமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோலத்தான். கல் வட்டத்துக்குள் வந்து, நின்றுவிடும்போல் தயங்கி, ஊர்ந்து, அந்தப் பக்கம் வெளியே போய் உட்கார்ந்தது. ஸ்டான்லி திரும்பினார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அவள் கண்ணாடியைக் காட்டினாள். கதவுப் பக்கம் குளிர்காற்று வருவதால் அந்த ஓரத்தில் உறைபனி படிகிறது, அங்கே கல் சீக்கிரம் சோர்ந்துபோகும், நடுவில் அப்படி இல்லை, ஆட்கள் நடந்து நடந்து வழுவழுப்பாகிவிட்டது, நடுவில் போடுகிறவன் கையைக் கொஞ்சம் அடக்க வேண்டும் என்று சொன்னாள். ஸ்டான்லி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அடுத்த கல்லுக்கு என்ன சொல்கிறாய் என்றார். சொன்னாள். சரியாக இருந்தது. அதற்கு அடுத்தது தப்பாகப் போனது. கிழவர் கைதட்டிச் சிரித்தார், அவளும் சிரித்தாள். வெர்னா என்னை முழங்கையால் இடித்தாள். மேசையில் நாலு பேர் கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

கிளாஸ் காலியானது. தோரா எழுந்து, "நான் கிளம்புறேன்" என்று சொல்லி, காலி கிளாஸைக் கொண்டுபோய்ப் பேர்லிடம் வைத்துவிட்டுப் போனாள்.

மெர்ல் என்னைப் பார்த்தான். அவ்வளவுதானா என்றான். சட்டம் எத்தனை கிளாஸ் என்று கேட்டேன். ஒன்று என்றான். குடித்தாளா என்றேன். குடித்தாள் என்றான். அப்புறம் என்ன என்றேன். ஆனால் மெர்ல் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை.

"ஜெயிச்ச அன்னைக்கு யார் வேணா உக்காருவாங்க. கையில தட்டு இருந்துச்சு, வேலை இருந்துச்சு. மாவட்டப் போட்டிக்கு அவளே இருக்கட்டும். ஆனா தோத்துட்டு உக்காரட்டும், அப்ப சொல்றேன். அடுத்த வருஷப் பேர்ப்பட்டியல் மார்ச்லதான் எழுதப் போறேன்."

அவன் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

மாவட்டப் போட்டி எங்கள் கிளப்பிலேயே நடந்தது. சனிக்கிழமை இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். இரண்டு முறையும் தோரா தட்டைத் தூக்கினாள், ஒரு கிளாஸ் உட்கார்ந்தாள், போனாள். அதைப் பற்றி யாரும் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஞாயிறு மதியம் இறுதி ஆட்டம். எதிரே ஜில்பேர் லாவலே.

ஏழு சுற்று முடிந்தபோது சமம். எட்டாவது சுற்றில் கடைசிக் கல் எங்களுக்கு. ஜில்பேரின் கல் ஒன்று வட்டத்தின் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில், முன்னால் நின்ற இன்னொரு கல்லுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் கல் அதைவிடக் கொஞ்சம் உள்ளே வந்து நின்றால் போதும், மாகாணப் போட்டிக்குப் போகலாம். தோரா குனிந்து, சறுக்கி, கல்லை விட்டாள். அவள் கையை விட்டுப் போனபோதே அழகாக இருந்தது அந்தக் கல். வெர்னாவும் நானும் அதற்கு முன்னால் பெருக்கிக்கொண்டே ஓடினோம். பெருக்கினால் பனி வழுவழுப்பாகிக் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். மெர்ல் அந்தக் கோடியிலிருந்து, பெருக்கு, பெருக்கு, போதும், விடு என்று கத்தினான். வெர்னா விட்டாள். நான் விட்டேனா என்றால், விட்டேன். ஆனால் இரண்டு இழுப்பு கழித்துத்தான் விட்டேன். கல் வந்தது, ஜில்பேரின் கல்லை உரசாமல் தாண்டியது, நிற்க வேண்டிய இடத்தைவிட ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

ஜில்பேரின் ஆட்கள் துடைப்பத்தைத் தூக்கினார்கள். எட்டுப் பேரும் கைகொடுத்துக்கொண்டோம். தோரா எல்லாருக்கும் கைகொடுத்தாள், என்னை மட்டும் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

கூடத்துக்குள் நுழைந்தவுடன் என் கண் எங்கள் மேசையைத் தேடியது. இறுதி ஆட்டத்துக்குக் கூட்டம் வரும் என்பதால் ஏற்கெனவே யாரோ மேசைகளை மாற்றிவிட்டார்கள். வட்ட மேசை நடுக்கூடத்தில் கிடந்தது. கண்ணாடியோரம் முழுக்க ஆட்கள். சுற்றிலும் நாற்பது, ஐம்பது பேர் நின்றுகொண்டு, குடித்துக்கொண்டு. அவளுக்குத் தூக்கத் தட்டும் இல்லை, பார்க்கப் பனித்தளமும் இல்லை. தோற்றவர்கள் சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள். ஜில்பேர் நாலு கிளாஸை எங்கள் பக்கம் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மெர்ல் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தான்.

தோரா காலணி மாற்றுகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோட்டு அவள் மடியில் இருந்தது. வெளிவாசல் அவளுக்கு நாலு அடி. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து என் காலணியைக் கழற்றினேன். எதுவும் சொல்லக் கூடாது என்று என் வாயை நானே கட்டிப்போட்டிருந்தேன்.

"மேசை நடுவுலயா?" என்றாள், நிமிராமல்.

"நடுவுலதான்."

"எத்தனை பேரு?"

"உக்கார எட்டு. வேடிக்கை பாக்க ஊரே."

அவள் கயிற்றை முடிந்தாள். அவிழ்த்தாள், மறுபடி முடிந்தாள். எழுந்து கோட்டைக் கொக்கியில் மாட்டினாள். எனக்கு முன்னாலேயே நடந்துபோய், ஜில்பேருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் வெர்னாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோரா கிளாஸை எடுத்தாள். வெளியே தெரிகிற மாதிரி ஒரு மிடறு குடித்தாள். அது பியர். அவளுக்குப் பியர் பிடிக்காது.

ஜில்பேர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் குரலை அளந்து வெளியே விடுகிறவரும் இல்லை.

"அந்தக் கடைசிக் கல்லு" என்றார் எல்லாருக்கும் கேட்கிறபடி. "கையை விட்டப்பவே வேகம் கூடிப்போச்சா? என்னதான் ஆச்சு?"

பக்கத்தில் நின்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. எது நடக்கக் கூடாது என்று அவள் இத்தனை நாளும் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாளோ, அது நடந்தேவிட்டது. வெர்னா பேச வாயெடுத்தாள். நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன்.

தோரா கிளாஸைக் கீழே வைத்தாள். அவசரப்படவில்லை.

"கல்லு சரியாத்தான் போச்சு. மெர்ல் போதும்னான், வெர்னா நிறுத்திட்டா." என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். "இந்த ஆளுக்குத்தான் எப்ப நிறுத்தணும்னு தெரியாது."

மெர்ல் வெடித்தான். அவன் சிரித்தால் பேர்லின் கிளாஸ்கள் அதிரும். ஜில்பேர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பின்னால் நின்றவர்கள் என்ன, என்ன என்று கேட்க, சொல்லக் கேட்டு அவர்களும் சிரித்தார்கள். எல்லாக் கண்ணும் தோராவை விட்டு என் மேல் வந்து விழுந்தன. என்ன செய்வது? உண்மைதான், இரண்டு இழுப்பு கூடத்தான் பெருக்கினேன் என்று ஒத்துக்கொண்டேன். ஏன் பெருக்கினாய் என்று ஜில்பேர் கேட்டார். உதவியாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நியாயமாகவே சிரித்தார்கள்.

தோராவும் சிரித்தாள், தோள் குலுங்க. பிறகு ஜில்பேர் தன் ஆட்களில் எவன் இதைவிட மோசம் என்று கதை சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பனியைப் பற்றி ஏதோ சொன்னாள், அவர் மறுத்தார், அவள் விடவில்லை. பேச்சு அவளைச் சுற்றியும் அவளைத் தாண்டியும் போனது. அவள் சில நேரம் அதில் இருந்தாள், சில நேரம் இல்லை. இல்லாதபோது கிளாஸைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். யாரும் ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை.

பியரை முழுக்கக் குடித்தாள். கடைசி மிடறுக்கு முகம் சுளித்தாள். ஜில்பேர் இன்னொன்று வாங்க எழுந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும் ஜில்பேர். எனக்கு ஒண்ணுதான். அடுத்த வருஷமும் ஒண்ணுதான்."

அடுத்த வருஷம் என்று அவள் சொன்னதை மெர்ல் கேட்டான். தலையைச் சொறிந்தான். கிளாஸை ஒரு சுற்று சுற்றினான். ஐம்பது பேர் முன்னால் அவன் தன் பேச்சை மாற்றிக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பட்டியலை மார்ச் வரைக்கும் வெச்சுட்டு என்ன பண்ணப் போறேன்" என்றான். "கடைசிக் கல்லுக்கு உன் பேரை இப்பவே எழுதிக்கிறேன், தோரா."

"எழுதிக்க" என்றாள். "பெருக்கத்தான் வேற ஆளைப் பாக்கணும்."

எல்லாருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, நேரே நடந்து வெளியே போனாள். பாதிப் பேர் அவள் போனதைக் கவனிக்கவே இல்லை. கவனித்தவர்களும் ஒன்றும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது, நிற்காமல். ஜில்பேர் விட்ட இடத்தில் கதையைப் பிடித்துக்கொண்டார். மெர்ல் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு காகித நாப்கினில் தோரா பெயரை எழுதினான், அதற்குக் கீழே தன் பெயரை, அதற்கும் கீழே வெர்னா பெயரை. அப்புறம் பென்சிலை நிறுத்தி வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கூடத்தில் உட்கார்ந்ததில், என் இடம் போய்விடுமோ என்று நான் பயந்தது அப்போதுதான்.